முன்னறையில் இருபத்து மூன்று மூட்டைகள்

மார்ச் 1

வேலை: எதுவும் இல்லை.
இடுபொருள்: இல்லை.

செல்லாண்டி மாமா காலையில் வந்து அம்சாவின் பண்ணைக் குறிப்பேட்டை மேசைமேல் வைத்தார். உட்காரவில்லை.

"மாப்ளே, இருபத்தேழாந் தேதி இன்ஸ்பெக்சன். பிப்ரவரி எட்டுல இருந்து ஒண்ணுமே எழுதாம கெடக்கு. ஒரே மூச்சுல எழுதிப்புடுங்க."

"அந்த நாள்ல எந்த வேலையும் நடக்கலையே மாமா."

"நடந்த மாதிரி எழுதச் சொல்றேன். களை எடுத்தது, மிளகு காயப்போட்டது. வேற வேற பேனாவுல எழுதுங்க, அவ்வளவுதான்."

அவர் என் மனைவி அம்சாவின் சித்தப்பா. தேன்பாறை இயற்கை மிளகு விவசாயிகள் குழுவின் தலைவர். குழுவில் முப்பத்தெட்டுப் பேர். யாருக்கும் ரெண்டு ஏக்கருக்கு மேல் கிடையாது. தனித்தனியாகச் சான்றிதழ் வாங்க யாருக்கும் கட்டாது. அதனால் முப்பத்தெட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ். ஒருவர் செய்த தப்பு எல்லார் தலையிலும் விழும். இதைச் சொல்லிச் சொல்லியே அம்சாவுக்குத் தொண்டை கட்டும். அவள்தான் குழுவின் உள் ஆய்வாளர்.

பிப்ரவரி எட்டாம் தேதி அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினொன்றாம் தேதி விடியற்காலை திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வயது இருபத்தொன்பது. மூன்று நாள் முன்பு பதினாறாம் நாள் காரியம் முடிந்தது.

அவள் கடைசியாக எழுதியது பிப்ரவரி 7: "மிளகு மூட்டை கட்டியாச்சு. மிளகு தந்தவங்க எல்லாருடையதும் சேர்த்து 23. எங்க வீட்டு முன்னறையில் அடுக்கியாச்சு. உட்கார இடமில்லை. சந்தோசம்."

சான்றிதழ் புதுப்பித்த பிறகுதான் மூட்டைகள் வெளிநாட்டுக்குப் போகும். அதுவரை அவை இங்கேதான்.

விட்டுப்போன இடத்தை அப்படியே விட்டுவிட்டு இன்றிலிருந்து எழுதத் தொடங்கினேன். குறிப்பேட்டில் கட்டங்கள் சின்னவை. மீதியை எழுத என் பழைய லேப் நோட்டை எடுத்துக்கொண்டேன். இது அதுதான். குறிப்பேட்டின் தலைப்புகளை மட்டும் பழக்கத்தில் அப்படியே போடுகிறேன்.

மார்ச் 3

வேலை: மூட்டைகளை எண்ணியது. இருபத்து மூன்று.

மார்ச் 4

வேலை: குருவம்மா அக்காவின் குறிப்பேட்டை எழுதிக்கொடுத்தது.

அக்காவுக்கு எழுதத் தெரியாது. நடந்ததை அவர் சொல்ல, அம்சா எழுதுவாள். இன்று என்னிடம் வந்தார்.

"சாப்பிட்டியா தம்பி?"

"ஆச்சுக்கா."

"பாத்திரமெல்லாம் கவுத்தபடி கெடக்கு. காத்தையா சாப்பிட்ட?"

கொண்டுவந்த தூக்குச்சட்டியை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். அரை ஏக்கர்தான் அவருக்கு. ரசாயனம் எதுவும் போடாமல் மூன்று வருடம் காத்திருந்தால்தான் அந்த நிலம் இயற்கை நிலம் என்று கணக்கு. அந்த மூன்று வருடமும் மகசூல் குறையும், விலை மட்டும் சாதா விலைதான். அக்காவுக்கு இந்த வருடம்தான் முடிந்தது. முன்வரிசையில் 31 என்று உறுப்பினர் எண் எழுதிய மூட்டை அவருடையது. அதை ஒட்டி 32, எங்களுடையது.

"மூணு வருசம் நல்ல பிள்ளையா இருந்து பரீட்சை எழுதியிருக்கேன் தம்பி. மார்க் மட்டும் வரணும்" என்று மூட்டையைத் தட்டினார்.

நான் கையை எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். ஈரம் பட்டுவிடும் என்றேன். கை ஈரமில்லை.

அவருடைய குறிப்பேட்டைப் புரட்டினேன். அம்சா எழுதியதில் எது அக்கா சொன்னது, எது அவளாகச் சேர்த்தது என்று தெரியவில்லை.

"டிசம்பர் 14. விலங்குத் தொல்லை: காட்டுமாடு, இரண்டு. எடுத்த நடவடிக்கை: திட்டியது. பலன்: ஒன்று போனது."

போன வருடம் வந்த இன்ஸ்பெக்டர் இதே மாதிரி ஒரு வரியைப் படித்துவிட்டுத் தண்ணீர் கேட்டாராம், சிரிப்பை அடக்க. அம்சா ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 6

வேலை: காபிச் செடி அடியில் களை, இரண்டு வரிசை.

களை எடுக்கும்போது அவளை முதலில் பார்த்த நாள் ஞாபகம் வந்தது.

அப்போது கோயமுத்தூரில் உணவுப் பொருள் பரிசோதனைக் கூடம் ஒன்றில் இருந்தேன். பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் பிரிவு. ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு இருந்தாலும் எங்கள் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். மிளகு சாம்பிள் கொண்டு ஒரு பெண் வந்தாள். கொண்டுவந்தது ஊறுகாய் பாட்டிலில்.

"இதை எடுக்க முடியாதுங்க. பழைய பாட்டில்."

"நல்லாக் கழுவியிருக்கேன் சார்."

"கழுவுனா போகாது."

"ஏழு மணி நேரம், மூணு பஸ். இன்னும் ஒருதடவை கழுவிக் காட்டட்டுமா?"

"கழுவுனா போகாதுங்க" என்று மறுபடி சொன்னேன்.

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "உங்க வீட்ல எல்லாரையும் இப்படித்தான் திருப்பி அனுப்புவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் புதுப் பாட்டிலோடு வந்தாள். சீல் பிரிக்காதது. கூடவே பழைய ஊறுகாய் பாட்டிலில் மாங்காய் ஊறுகாய். "இது டெஸ்டுக்கு இல்ல. சாப்பிடலாம்."

ஒன்றரை வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். நான்கு வருடம் இங்கே இருந்திருக்கிறேன், அவளோடு. வாரத்தில் மூன்று நாள் வத்தலக்குண்டில் மண் பரிசோதனை வேலை, மீதி நாள் இந்த ஒன்றேகால் ஏக்கர்.

மார்ச் 9

வேலை: முன்னறையைக் கூட்டியது. ஈரத்துணியால் துடைத்தது, மூன்று முறை. போன வாரமும் மூன்று முறை.

மார்ச் 11

ஒரு மாதம்.

மார்ச் 12

வேலை: செல்லாண்டி மாமாவோடு உள் ஆய்வு. ஒன்பது தோட்டம்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் குழுவே தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அது அம்சாவின் வேலை. இப்போது யார் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. காலையில் மாமா வந்து கூப்பிட்டார், போனேன்.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் அவள் கையால் வரைந்த வரைபடம் இருக்கிறது. வேலி, கிணறு, பக்கத்துத் தோட்டம், நடுவில் விட்ட இடைவெளி. தோட்டத்தில் பலா மரம் இருந்தால் அதை மட்டும் பழத்தோடு வரைந்திருக்கிறாள்.

மாமாவின் மேட்டு வேலி அருகில் வந்ததும் அவரே நின்றார்.

"இந்த எடத்துலதான் மாப்ளே. வேலி ஓரமா களைக்கொல்லி அடிச்சேன், ஒரே ஒரு டேங்க். பத்தடி தூரம். யாருக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சேன். ஒங்க பொண்டாட்டி கருகுன புல்லப் பாத்துட்டா."

"தெரியும் மாமா."

"தூக்கி வளத்த சித்தப்பன்னுகூடப் பாக்கல. மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு, இவரை ஒரு வருசம் வெளிய வைக்கணும்னு சொன்னா. வச்சாங்க. ஒரு வருசம் அவ வீட்டுல நான் காபித்தண்ணி குடிக்கல." கொஞ்ச தூரம் நடந்தார். "அந்த வருசம் என்னைய வச்சிருந்தா மொத்தச் சான்றிதழும் போயிருக்கும். அப்புறமாத்தான் புரிஞ்சுது."

அன்றைக்கு மீட்டிங் முடிந்து வீட்டுக்கு வந்து அவள் அழுததை மாமாவிடம் நான் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

மார்ச் 15

வேலை: இல்லை.
குறிப்பு: முன்னறையில் இன்னும் ஒரு எறும்புகூட இல்லை.

எங்கள் வீட்டில் எறும்பு இல்லாத நாளே கிடையாது. மலை வீடு, சுவரெல்லாம் கல்லும் மண்ணும். மூட்டைகள் இருப்பதால் வீட்டுக்குள் கொசுவத்திகூட ஏற்றக்கூடாது என்பது அம்சாவின் சட்டம். கல்யாணமான புதிதில் நான் ஒருதடவை ஏற்றிவிட்டேன். அப்படியே தூக்கிக்கொண்டு போய் வாசலில் அணைத்தாள்.

"கெமிஸ்ட்ரி படிச்ச ஆளுதான நீங்க?"

"ஒரு கொசுவத்திதான."

"அதையேதான் எங்க சித்தப்பாவும் சொன்னாரு. ஒரு டேங்குதான்னு."

அதன் பிறகு வலைக்குள்தான் தூக்கம். எறும்புக்கு மஞ்சள் தூளில் கோடு போடுவாள். எறும்புகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சுற்றிப்போகும். "எவ்வளவு மரியாதை பாருங்க, சுத்திப் போகுது" என்பாள். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பாள். அதையும் ஒருநாள் தாண்டி வந்துவிட்டன. அன்றைக்கு அவளே பாராட்டினாள்.

இன்று தரையில் ஒரு சிட்டிகை சர்க்கரையைத் தூவி வைத்தேன். சாயங்காலம் வரை அப்படியே இருந்தது.

மார்ச் 16

வேலை: கடைக்குப் போனது. பால், தீப்பெட்டி.

சம்சுதீன் பாய் சில்லறையைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, அன்னைக்கு வாங்குனதுல மிச்சம் இருந்தா கொண்டாந்து குடுத்துருங்க. வீட்ல வச்சிருக்க வேணாம். இன்ஸ்பெக்சனுக்கு ஆளு வர்ற நேரம்."

"மிச்சம் இல்ல பாய்."

"மொத்தப் பாக்கெட்டுமா?"

"ஆமா."

பாய் தலையை ஆட்டினார். "நானும் எதுக்குன்னு கேக்கல. நீங்க நின்ன நிலைமை அப்படி. குடுத்துட்டேன்."

மார்ச் 17

வேலை: சாம்பிள் எடுத்தது.

முன்வரிசையில் 31, 32. பின்வரிசையிலும் சுவரோரமும் நான்கு. ஆறு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று குத்தூசியால் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஊசியைக் கழுவித் துடைத்தேன். புதுப் பாட்டில் பதினெட்டு. சீல் பிரிக்காதவை.

அதிகாலை பஸ்ஸில் கோயமுத்தூர் போய் வின்சென்ட் கையில் கொடுத்தேன். நான் உட்கார்ந்த மேசையில் இப்போது அவன்தான்.

"என்னடா தேடணும்?"

ஒரு பூச்சிமருந்தின் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.  திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். இரண்டு டீ வாங்கினான். என்னுடையது ஆறும்வரை பக்கத்தில் நின்றான்.

மார்ச் 20

வேலை: இல்லை.

வின்சென்ட் போன் செய்தான். நான்கு மூட்டை சுத்தம். 31-லும் 32-லும் மேல்பகுதியில் மருந்து எச்சம் இருக்கிறது. கிலோவுக்கு 0.03 மில்லிகிராம். அனுமதி 0.01.

எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி பதினொன்று, மதியம். அவளை முன்னறையில் பெஞ்சில் படுக்கவைத்திருந்தார்கள். மஸ்கட்டில் இருந்து அவள் அண்ணன் மறுநாள்தான் வர முடியும். கீழிருந்து ஐஸ் பெட்டி வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். மூட்டைகளை நகர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வந்தவர்கள் அதில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவள் கால்மாட்டில் நின்றிருந்தேன். பெஞ்சின் காலில் ஒரு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. பூமாலைக்கு வந்திருக்கும். ஒன்று அவள் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. அதை எடுத்தேன். அடுத்தது வந்தது. அதையும் எடுத்தேன்.

அடுப்படியில் மஞ்சள் டப்பா இருந்தது. எனக்குத் தெரியும். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்றும் தெரியும்.

பாய் கடைக்குப் போனேன். எறும்புப் பொடி, நூறு கிராம் பாக்கெட். திரும்பி வந்து பெஞ்சின் நான்கு காலையும் சுற்றிப் போட்டேன். போதாது என்று பட்டது. மறுபடி போட்டேன். பாக்கெட் காலி. பெஞ்சின் அந்தப் பக்கம் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காற்று அவள்மேல் பட்டு நேரே மூட்டைகள் பக்கம் போனது. முதலில் நின்றவை 31, 32.

பாக்கெட்டின் பின்புறம் மருந்தின் பெயர் அச்சடித்திருக்கும். ஆறு வருடம் அந்தப் பெயரை ரிப்போர்ட்டில் டைப் அடித்திருக்கிறேன். அன்றைக்கு அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. அன்று போட்டிருந்த சட்டையின் பையில்தான் காலிப் பாக்கெட் இன்னும் இருக்கிறது. அந்தச் சட்டையை நான் துவைக்கவில்லை.

மறுநாள் எல்லாரும் போன பிறகு கூட்டினேன். கழுவினால் போகாது.

மார்ச் 22

வேலை: குருவம்மா அக்காவிடம் சொன்னது.

தோட்டத்தில் இருந்தார். சொல்லி முடிக்கும்வரை கொடிக்கு முட்டுக்கொடுப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்."

"என்னது?"

"அவளக் குளிப்பாட்டுனது நானு. அப்புறம் வாசப்படியிலதான் உக்காந்திருந்தேன். நீ கோடு போட்டதப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ போடலேன்னா நான் போட்டிருப்பேன்." கயிற்றை இறுக்கிக் கட்டினார். "ஆனா மூட்டைய முதல்ல நகத்தியிருப்பேன். நீ படிச்ச பிள்ள."

"ஏன்க்கா சொல்லல?"

"நீயா வருவேன்னு இருந்தேன். வராட்டி என்ன செய்யிறதுன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். மூணு வருசமாச்சே." அடுத்த கொடிக்கு நகர்ந்தார். "நெலத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"பொடி வீட்டுலதான் போட்டது, நிலத்துல இல்ல. உங்க மூணு வருசம் போகாது. இந்த வருச மூட்டை மட்டும் போகும். ஆனா நான் மறைச்சு, அவங்களா கண்டுபிடிச்சா, முப்பத்தெட்டுப் பேருக்கும் போகும்."

"மூட்டைய என்ன செய்யிறது?"

"கீழ சாதா மிளகுன்னு விக்கலாம். நம்ம ஊர் அனுமதி அளவுக்கு அது பிரச்சனை இல்ல."

அக்கா திரும்பினார். "வெளிநாட்டுக்காரவுங்க திங்கக்கூடாது. நம்ம ஊர்க்காரன் தின்னா ஒண்ணும் இல்லையா?"

கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

சாயங்காலம் செல்லாண்டி மாமாவிடம் சொன்னேன். அவர் ஒரு வழி வைத்திருந்தார்.

"ரெண்டு மூட்டையையும் காலையில ஜீப்புல ஏத்தி எறக்கிருவோம். இருபத்தொண்ணுதான் வந்துச்சுன்னு சொல்லிக்கிருவோம்."

"அம்சா இருபத்து மூணுன்னு எழுதியிருக்கா மாமா."

"கிழிச்சுப்புடுவோம்."

"அவ எழுதுன கடைசிப் பக்கம் அது."

மாமா வாசல்வரை போய்த் திரும்பினார். பிறகு குரல் உயர்ந்தது. "நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சு மாப்ளே. அன்னைக்கு அவ என்னைய வெளிய நிறுத்துனா. இன்னைக்கு நீங்க மொத்தக் குழுவையும் நிறுத்தப் பாக்குறீங்க. ஒரு சாவு வீட்டுல நடந்ததப் போயி யாராவது ஃபாரத்துல எழுதுவாங்களா?"

அவர் அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24

வேலை: இல்லை.

பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒரு வெளிநாட்டு மிளகுப் பாக்கெட் இருந்தது. எங்கள் மிளகை வாங்குபவர்கள் போன வருடம் அனுப்பியது. மேலே அம்சாவும் குருவம்மா அக்காவும் சிரிக்கிற போட்டோ. கீழே ஏதோ மொழியில் நாலு வரி. விவசாயிக்குக் கூடுதல் விலை கொடுக்கும் அவர்களுடைய நியாய வணிகத் திட்டத்தில் வந்த பணத்தில்தான் குழுவுக்குத் தார்ப்பாய்களும் தராசும் வந்தன. அக்காவிடம் பாக்கெட்டைக் காட்டியபோது முதலில் பெருமைப்பட்டார். அப்புறம் யோசித்தார்.

"தீந்ததும் என்னடி செய்வாங்க?"

"குப்பையில போடுவாங்க."

"என் மூஞ்சியவா?"

அம்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிரவு படுத்த பிறகும் இருட்டில் திடீரென்று சிரித்தாள். என்ன என்று கேட்டேன். "என் மூஞ்சியவா" என்றாள்.

போட்டோவில் அவளுக்கு இடது பக்கம் முடி கலைந்திருக்கிறது. எடுக்கும் முன்பே சொன்னேன். பரவாயில்லை, காற்று என்றாள்.

மார்ச் 26

வேலை: விட்டுப்போன பதிவு ஒன்றை எழுதியது.

விட்டுப்போன நாளைப் பின்னால் எழுதலாம். ஆனால் எழுதிய தேதியைப் பக்கத்தில் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அம்சா எல்லாருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். யாரும் செய்வதில்லை.

மற்ற நாட்களைக் காலியாகவே விட்டேன். ஒரு நாளை மட்டும் எழுதினேன். ஒரே பேனா.

மார்ச் 27

வேலை: இன்ஸ்பெக்சன்.

வந்தவர் ஹேமலதா மேடம். எங்கள் வயதுதான் இருக்கும். முப்பத்தெட்டுப் பேரில் ஏழு பேர் தோட்டத்தை அவரே தேர்ந்தெடுத்துப் பார்த்தார். எத்தனை தோட்டம் என்பதற்கு மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் போடுவார்கள். குருவம்மா அக்காவின் குறிப்பேட்டில் காட்டுமாட்டுப் பக்கம் வந்ததும் சிரித்துவிட்டார்.

"திட்டுனீங்களா?"

"ஒண்ணுதான் மேடம் போச்சு. இன்னொண்ணுக்குக் காது கேக்கல" என்றார் அக்கா.

மதியம் எங்கள் முன்னறைக்கு வந்தார். மாமா வாசலிலேயே நின்றுகொண்டார். அக்கா உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். மேடம் மூட்டைகளை எண்ணினார். இருபத்து மூன்று. அம்சாவின் குறிப்பேட்டைத் திறந்தார்.

"பிப்ரவரி எட்டுல இருந்து இருபத்தெட்டு வரைக்கும் பதிவு இல்லையே."

"ஒரு நாள் மட்டும் இருக்கு மேடம்" என்றேன்.

புரட்டினார். படித்தார். நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"பிப்ரவரி 11.
வேலை: படுக்கவைத்தது.
பூச்சித் தொல்லை: எறும்பு.
இடுபொருள்: எறும்புப் பொடி, 100 கிராம், கடையில் வாங்கியது.
இட்ட இடம்: முன்னறை, பெஞ்சின் நான்கு கால்கள். மூட்டை 31, 32-க்கு ஐந்தடி தூரம். ஃபேன் ஓடியது.
பயிர்: அம்சவேணி.
இட்டவர்: ரெங்கநாதன், கணவர்.
எழுதிய நாள்: மார்ச் 26."

பயிர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் பதிவு செல்லாது. அதனால்தான் அப்படி.

மேடம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலிப் பாக்கெட்டையும் வின்சென்ட் கொடுத்த தாளையும் கொடுத்தேன். பாக்கெட்டைத் திருப்பிப் பெயரைப் படித்தார்.

"உங்களுக்கு இது என்னன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். இதைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலையா இருந்துச்சு."

"அப்புறம் ஏன்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

குருவம்மா அக்கா சுவரோரத்தில் இருந்து சொன்னார்: "கால் வெரல்ல ஏறிருச்சு மேடம். அந்தப் பிள்ளைக்கு எறும்புன்னா உயிரு. ஆனா இந்தப் பையனால பாக்க முடியல."

மேடம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு வேலையைச் செய்தார். 31, 32 வெளியே. முன்னறையை இனிமேல் கிடங்காக வைக்கக்கூடாது. மீதி இருபத்தொரு மூட்டையிலும் சாம்பிள் எடுத்துச் சீல் வைத்தார். முடிவு வரும்வரை சான்றிதழ் நிறுத்திவைப்பு. எல்லாவற்றையும் எழுதி மாமாவிடம் கையெழுத்து வாங்கினார். 

போகும்போது அம்சாவின் குறிப்பேட்டைத் திரும்ப எடுத்தார். பயிர் என்ற கட்டத்தின் ஓரத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டார். பார்த்தாகிவிட்டது, சரி என்று அர்த்தம். திருத்தச் சொல்லவில்லை.

மார்ச் 30

வேலை: 31-ஐ இறக்கியது.

குருவம்மா அக்கா தன் மூட்டையைக் கீழே அனுப்பிவிட்டார். வியாபாரி முகர்ந்து பார்த்து, முதல் தர மிளகு என்றாராம். 32-ஐ நான் அனுப்பவில்லை. அக்கா கேட்ட கேள்வி இன்னும் இருக்கிறது. தோட்டத்தை விட்டுத் தள்ளி, ரோட்டோரப் புறம்போக்கில் குழி வெட்டிப் புதைத்தேன். அவள் கையால் பறித்தது. நான்கு அடி ஆழம்.

மாமா மூன்று நாளாக வரவில்லை.

ஏப்ரல் 5

வேலை: இருபத்தொரு மூட்டையையும் மாமா வீட்டுக்கு மாற்றியது.

மாமாவே ஜீப்போடு வந்தார். தன் வீட்டுக் கூடத்தைக் காலி செய்திருந்தார். கொசுவத்தி, எலி மருந்து எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்திருந்தார். கடைசி மூட்டையை இறக்கியதும் அத்தை காபி கொண்டுவந்தார்.

"குடிங்க மாப்ளே. ஒரு வருசம் நான் குடிக்காம இருந்தேன். நீங்க அந்தத் தப்பச் செய்யாதீங்க."

குடித்தேன். அன்று மீட்டிங் முடிந்து அம்சா அழுததைச் சொன்னேன். மாமா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் அழுதா?"

"சாப்பிடாம தூங்கிட்டா மாமா."

ஏப்ரல் 11

வேலை: சில.

எட்டு நாள் முன்பு பெய்த மழைக்கு இன்று காபிச் செடிகள் மொத்தமும் பூத்துவிட்டன. போன வருடம் இந்த வாசனைக்கு அம்சா ஜன்னலைத் திறந்துவைத்து, சாப்பிடவும் மறந்து நின்றாள். இன்று நான் திறந்து வைத்தேன்.

பத்தரை மணிக்கு ஹேமலதா மேடம் போன் செய்தார். இருபத்தொன்றும் சுத்தம். சான்றிதழ் வருகிறது, ஒரு எச்சரிக்கையோடு. மாமாவுக்குச் சொன்னேன். குருவம்மா அக்காவுக்குச் சொன்னேன். "என் மூட்டை இல்லாம" என்றார். ஆமாம் என்றேன். "அடுத்த வருசம் ரெண்டா வப்பேன், பாரு" என்றார். குறிப்பேட்டையும் நீட்டினார், அன்றைய வேலையை எழுதிக்கொடுக்க. எழுதினேன்.

மதியம் சோற்றுத் தட்டோடு முன்னறைக்கு வந்தேன். மூட்டைகள் இல்லாமல் அறை பெரிதாகிவிட்டது. உட்காரலாம். பெஞ்சு இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

வாசற்படியின் விரிசலில் இருந்து ஒன்று வந்தது. தரையில் நின்று யோசித்தது. திரும்பிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து நான்கைந்தாக வந்தன. பிறகு ஒரு வரிசை. நேராக அறையின் குறுக்கே, பெஞ்சின் கால் இருந்த இடத்தைத் தாண்டி, என் தட்டை நோக்கி.

காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன். வரிசை சுற்றிப் போனது.

பூச்சித் தொல்லை: எறும்பு.
எடுத்த நடவடிக்கை: பார்த்துக்கொண்டிருந்தது.
இடுபொருள்: ஒரு பருக்கை சோறு.